பிஷ்கெக்கில் நான் தவறவிட்ட ஸ்டாப்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பொங்கல் முடிந்த மறுவாரம். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே என் ஷேர் ஆட்டோவில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தேன். திருக்கழுக்குன்றம் போகிற வண்டி. ஐந்து பேர் ஏறியாகிவிட்டது, இன்னும் இரண்டு பேர் வந்தால் கிளம்பலாம் என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. என் மகளின் நம்பர். அந்த நேரத்தில் அவளுக்கு வகுப்பு இருக்கும், கூப்பிடவே மாட்டாள். எடுப்பதற்கு முன்பே ஏதோ கெட்ட சேதி என்று நினைத்துவிட்டேன். நான் அப்படிப்பட்ட ஆள். வீட்டில் யாராவது சேர்ந்தாற்போல் இரண்டு நாள் இருமினால் எனக்குச் சோறு இறங்காது.

"நைனா, பயப்படாத. ஐஸ்ல வழுக்கி வுழுந்துட்டேன். கால்ல அடி" என்றாள்.

பயப்படாதே என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் எனக்கு அதைவிடப் பயம் வேறு கிடையாது. ஏறியிருந்த ஐந்து பேரையும் பின்னால் நின்ற வண்டிக்கு மாற்றிவிட்டு, ஓரமாகப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மகள் கிர்கிஸ்தான் நாட்டில் பிஷ்கெக் என்கிற நகரத்தில் டாக்டர் படிப்பு மூன்றாவது வருடம் படித்துக்கொண்டிருந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. பிளேட் வைத்து ஆபரேஷன் செய்ய வேண்டும், ஆனால் வீக்கம் வடிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும், அதற்குப் பிறகுதான் செய்வோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். கூடப் படிக்கிற பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள், நீ அலைய வேண்டாம் என்றாள். போனை வைப்பதற்கு முன்னால் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னாள்.

"ஆபரேசனுக்கு உள்ள இட்டுகினு போறப்போ நீ இருந்தா நல்லா இருக்கும் நைனா. அவ்ளோதான்."

சின்ன வயதிலிருந்து எதையும் கேட்டு அடம் பிடிக்காத பிள்ளை. அந்த ஒரு வார்த்தை என்னை உட்காரவிடவில்லை.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தமிழ் நன்றாகப் படிப்பேன். இங்கிலீஷ் என்றால் எழுத்துக் கூட்டி போர்டு படிக்கிற அளவுதான். ஆனால் வீட்டில் பாஸ்போர்ட் வைத்திருந்த ஒரே ஆளும் நான்தான். ஒரு காலத்தில் வளைகுடாவுக்கு டிரைவர் வேலைக்குப் போகலாம் என்று எடுத்தது. கிளம்ப வேண்டிய நேரத்தில் பயந்துகொண்டு போகாமல் இருந்துவிட்டேன். இந்த முறையும் இரண்டு நாள் இப்படியும் அப்படியுமாகப் பேசிக்கொண்டிருந்தேன். என் மனைவி பருப்புப் பொடியைக் கவரில் போட்டுக் கட்டிக்கொண்டே, "இன்னா, உன்ன கடிச்சா தின்னுடுவாங்க? பொண்ணு கூப்ட்டுகினு கீது, நீ இங்க குந்திகினு காரணம் சொல்ற" என்றாள். மறுநாளே விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் ஏற்பாடு செய்தேன்.

ஸ்டாண்டில் இருக்கிற நண்பன் வழியனுப்ப வந்தான். "மச்சான், நீ மறைமலைநகர் போறதுக்கே ரெண்டு வாட்டி ஸ்டெப்னிய தட்டிப் பாக்குற ஆளு. பிளைட்டு ஓட்டுறவன்கிட்ட போய் ஸ்டெப்னி கீதான்னு கேட்டுகினு நிக்காத" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒரு துண்டுத் தாளில் என் பெயர், ஊர், மனைவியின் போன் நம்பர் எல்லாம் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாராவது எடுத்துப் பார்ப்பார்கள் அல்லவா. விமானத்தில் டெல்லியிலிருந்து அங்கே இறங்குகிற வரைக்கும் இடுப்பு பெல்ட்டைக் கழற்றவில்லை. எழுந்து போக வேண்டி வருமோ என்று தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

வெளிநாடு என்றால் டிவியில் காட்டுகிற மாதிரி கண்ணாடிக் கட்டடங்கள் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே ஐந்து மாடிக் கட்டடங்கள் ஒரே மாதிரி வரிசையாக, வெளுத்துப்போன சாம்பல் நிறத்தில் நின்றன. ரோட்டின் இரண்டு பக்கமும் மரங்கள், ஆனால் ஒன்றிலும் ஓர் இலை கிடையாது. காற்றில் நிலக்கரிப் புகை வாசம். தெற்குப் பக்கம் திரும்பினால் தெரு முடிகிற இடத்தில் வெள்ளையாகச் சுவர் எழுப்பின மாதிரி மலை. எங்கள் பக்கத்து மலையெல்லாம் பாறையும் முள்ளுச் செடியுமாக இருக்கும், பார்த்தால் பக்கத்து வீட்டு ஆள் மாதிரி. இந்த மலையைப் பார்த்தபோது நாம் இங்கே வந்திருக்கக் கூடாதோ என்று தோன்றியது. குளிர் என்றால் மூச்சை உள்ளே இழுத்ததும் மூக்கில் இருக்கிற முடி விறைத்துக்கொண்டு குத்தியது.

என்னை அழைத்துப் போக மகளுடன் படிக்கிற திண்டிவனத்துப் பையன் வந்திருந்தான். "அங்கிள், மொதல்ல காத மூடுங்க. அப்பறமா ஊர பாருங்க" என்று தன் குல்லாவைக் கழற்றி என் தலையில் மாட்டினான்.

எனக்கு அதிகம் விசித்திரமாக இருந்தது அந்த ஊரின் சத்தமில்லாத ரோடு. அத்தனை வண்டி போகிறது, ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. ரோட்டைக் கடக்கக் கோடு போட்ட இடத்தில் காலை வைத்தேன், ஒரு கார் நின்றுவிட்டது. அது போகட்டும் என்று நான் நின்றேன். நான் போகட்டும் என்று அது நின்றது. கடைசியில் அந்த ஆள் கையை ஆட்டிய பிறகு, ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி ஓடிக் கடந்தேன். பதினெட்டு வருடம் வண்டி ஓட்டுகிறேன், எனக்காக ஒரு வண்டி நின்று பார்த்தது அன்றைக்குத்தான். ஆனால் மனிதர்களின் முகத்தில் சிரிப்பில்லை. கடையில், படிக்கட்டில், எங்கே பார்த்தாலும் இறுகின முகம். இவர்களுக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்று முதல் நாளே முடிவுகட்டிவிட்டேன்.

அன்றே டாக்ஸியில் போய் மகளைப் பார்த்தேன். காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். "வந்துட்டியா நைனா" என்று சிரித்தாள். நான்தான் அழுதேன். ஆபரேஷன் நாளை மறுநாள் காலை பதினோரு மணிக்கு என்றார்கள்.

அந்தக் காலையில்தான் சிக்கல். அவள் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் பரீட்சை. நான் தனியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். திண்டிவனத்துப் பையன், "டாக்ஸி புக் பண்ணி ஏத்தி வுட்டுட்டுப் போறேன் அங்கிள், வாசல்லயே எறக்கி வுட்டுடுவான்" என்றான்.

"வோணாம்பா. தனியா ஏத்திகினு அவன் எங்க இட்டுகினு போவான்னு யாரு கண்டது. பஸ்சுன்னா நாலு பேரு இருப்பாங்க" என்றேன்.

அவன் எவ்வளவோ சொன்னான். எனக்குப் பயம். பயந்தவனுக்குச் சுலபமான வழிதான் ஆபத்தாகத் தெரியும் போலிருக்கிறது. கடைசியில் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தான்: வேன் நம்பர், ஏழாவது ஸ்டாப், பச்சைக் கூரைக் கட்டடம். பின்பக்கம் அந்த ஊர் எழுத்தில் ஏதோ எழுதினான். என்னுடைய போன் நான் தங்கியிருந்த அந்தப் பிள்ளைகளின் அறையில் இருக்கிற வைஃபையில் மட்டும்தான் வேலை செய்யும், வெளியே போனால் வெறும் டப்பா. அதனால் அந்தத் தாளைத் தாலி மாதிரி பிடித்துக்கொண்டு ஒன்பதே முக்காலுக்கெல்லாம் நிறுத்தத்தில் நின்றேன்.

வேன் வந்தது. வெள்ளை நிறம், நீளமான பெரிய வேன். உள்ளே ஏறி டிரைவருக்கு நேர் பின்னால் இருந்த இடத்தில் உட்கார்ந்தேன். ஒன்று, இரண்டு என்று ஸ்டாப்பை விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன்.

முதுகில் யாரோ தட்டினார்கள். தூக்கிவாரிப்போட்டது. உட்காரக் கூடாத இடத்தில் உட்கார்ந்துவிட்டோமோ என்று திரும்பினால், கையுறை போட்ட ஒரு கை, அதில் கசங்கின நோட்டும் சில்லறையும். பின்னால் இருந்த பெண் தாடையால் டிரைவரைக் காட்டினாள்.

எனக்குப் புரிவதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. எங்கள் வண்டியிலும் இதேதான். கடைசி சீட்டில் இருப்பவர் கொடுப்பதை நடு சீட்டுக்காரர் வாங்கி, அவர் முன்னால் தள்ளி, என் கைக்கு வந்து சேரும். மீதியும் அதே வழியில் திரும்பிப் போகும். யாருடையது எது என்று ஒருவரும் குழம்பியதில்லை. நான் டிரைவரின் தோளைத் தொட்டேன். அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கையைப் பின்னால் நீட்டி உள்ளங்கையை விரித்தார். நான் நீட்டுவதும் அப்படித்தான். எனக்கு என்னையே பின்னாலிருந்து பார்க்கிற மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு வந்துகொண்டே இருந்தது. நான் வாங்கினேன், கொடுத்தேன், மீதியைத் திருப்பி அனுப்பினேன். யாராவது ஏறினால் நானாகவே திரும்பிக் கையை நீட்டினேன். வெள்ளைக் கம்பளித் தொப்பி போட்ட ஓர் ஆள் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல, வேனே சிரித்தது. புதுசா கண்டக்டர் வந்திருக்கான் என்கிற மாதிரி ஏதாவது சொல்லியிருப்பார். நானும் சிரித்தேன். ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து அதுதான் என் முதல் சிரிப்பு.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. ஏழு.

எத்தனையில் விட்டேன் என்று தெரியவில்லை. ஜன்னலைத் துடைத்துப் பார்த்தேன். மாடிக் கட்டடங்களே இல்லை. தாழ்வான வீடுகள், மதில் சுவர், அதன் மேல் பனி. அந்தக் குளிரிலும் எனக்கு வேர்த்தது. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. இந்த வேன் ஸ்டாப்பில் மட்டும் நிற்கவில்லை, யார் கேட்டாலும் கேட்ட இடத்தில் நிற்கிறது. இப்படிப்பட்ட வண்டியில் ஸ்டாப்பை எண்ணி எவனாவது இறங்க முடியுமா? தினமும் அப்படி வண்டி ஓட்டுகிற எனக்கே இது தோன்றவில்லை. மணி பத்து இருபது.

எழுந்து நின்று, "நிறுத்துப்பா, நிறுத்து" என்று தமிழில் கத்திவிட்டேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டிரைவர் ஓரங்கட்டினார். தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். தொப்பிக்காரரிடம் நீட்டினேன். அவரும் தலையை ஆட்டினார். முதலில் என்னிடம் சில்லறை கொடுத்தாளே, அந்தப் பெண், மடியில் ரொட்டிப் பையை வைத்திருந்தவள், என் கையிலிருந்து தாளை மெதுவாக வாங்கினாள். பின்பக்கம் திருப்பினாள். அவ்வளவு நேரமும் நான் தமிழில் எழுதியிருந்த பக்கத்தையே எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் சத்தமாகப் படித்தாள். ஆஸ்பத்திரியின் பெயர். என்னிடம் ஏதோ கேட்டாள். எனக்குத் தெரிந்த மூன்று இங்கிலீஷ் வார்த்தையைச் சொன்னேன்: டாட்டர், ஆபரேஷன், லெவன். என் காலைக் காட்டி, கையால் கீறுகிற மாதிரி செய்தேன். இறுகின முகம் என்று நான் நினைத்த முகங்கள் எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. பிள்ளை பெற்றவர்களின் முகம் எந்த ஊரிலும் அப்படித்தான் இருக்கும்.

டிரைவர் வண்டியைக் கொஞ்ச தூரம் விரட்டினார். எதிரே இதே மாதிரி இன்னொரு வேன் வந்தது. லைட்டை இரண்டு முறை போட்டுப் போட்டு அணைத்தார். இரண்டு வண்டியும் நடு ரோட்டில் ஜன்னலுக்கு ஜன்னல் நின்றன. என் டிரைவர் பேசினார், அந்த டிரைவர் எட்டி என்னைப் பார்த்தார், சரி என்று தலையசைத்தார். நாங்களும் எங்கள் ரோட்டில் இதையேதான் செய்வோம். பின்னால் நான்கைந்து கார் நின்றது. அப்போதும் யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

நான் இறங்கினேன். கூடவே அந்தப் பெண்ணும் ரொட்டிப் பையோடு இறங்கினாள். என் கோட்டுக் கையைப் பிடித்து ரோட்டைக் கடக்க வைத்து, எதிர் வேனில் ஏற்றி, தானும் ஏறினாள். அவள் வீடு முதல் வேன் போய்க்கொண்டிருந்த பக்கம். எனக்காக வந்த வழியே திரும்பினாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை, பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். என் மனைவி வயதுதான் இருக்கும்.

அந்த வேனில் உட்கார இடம் கொடுத்தார்கள், என்னால் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தேன். அப்போது ஒன்று கவனித்தேன். வழியில் ஆட்கள் கை காட்டினார்கள், ஓர் இடத்தில் நான்கு பேர் குழந்தையோடு நின்று கை காட்டினார்கள். டிரைவர் நிறுத்தவில்லை. ஒரு சவாரிகூட ஏற்றாமல் வண்டியை விட்டார். நின்று கை காட்டுகிற சவாரியைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போவது எங்கள் தொழிலில் எப்படிப்பட்ட காரியம் என்று எனக்குத் தெரியும். நான் யாருக்காகவும் அதைச் செய்ததில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது பதினொன்றுக்கு ஆறு நிமிடம். உள்ளே ஓடினேன். காவலாளி கையை நீட்டித் தடுத்தார். என் ஷூவைக் காட்டி ஏதோ சொன்னார். முதல் நாள் பையன்தான் எல்லாம் பார்த்துக்கொண்டான், நான் கவனிக்கவில்லை. அந்தப் பெண் கோட்டு வாங்கி வைக்கிற ஜன்னல் பக்கம் போய், நீல நிறத்தில் இரண்டு ஜோடி பிளாஸ்டிக் உறைகளை வாங்கி வந்தாள். கொடு என்று நான் கையை நீட்டுவதற்குள் தரையில் மண்டியிட்டு, என் ஒரு காலைத் தூக்கி, ஷூவுக்கு மேல் அதை மாட்டினாள். பிறகு இன்னொரு கால். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஊர் பேர் தெரியாத ஒரு பெண் என் காலைப் பிடிக்கிறாள். விலக்கக்கூடத் தெரியாமல் நின்றேன். அவளுக்கு அது ஒரு விஷயமாகவே இல்லை. எழுந்து, தானும் மாட்டிக்கொண்டு, என் கோட்டைக் கழற்றி வாங்கி ஜன்னலில் கொடுத்துவிட்டு, படிக்கட்டைக் காட்டி என்னுடனே ஏறி வந்தாள்.

மூன்றாவது மாடி. நீளமான நடை. அந்தக் கடைசியில் தள்ளுவண்டியில் படுக்க வைத்து யாரையோ தள்ளிக்கொண்டு போனார்கள். பின்னல் மட்டும் தெரிந்தது. என் பெண். நான் கூப்பிட வாயைத் திறப்பதற்குள், என் பக்கத்திலிருந்து அந்த ரொட்டிப் பைக்காரி ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், அந்த நடை முழுக்க எதிரொலித்தது. தள்ளுகிறவர்கள் நின்றுவிட்டார்கள்.

மகள் தலையைத் திருப்பினாள். "இன்னா நைனா, இப்புடி வேத்துகினு கீற. ஓடியாந்தியா?"

"ஸ்டாப்ப வுட்டுட்டேம்மா."

"ஊருக்கே ஷேர் ஆட்டோ ஓட்டுற. நீ ஸ்டாப்ப வுட்டியா?" சிரித்தாள். ஆனால் என் விரலைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. "எங்கயும் போய்டாத, இன்னா?"

"இங்கயேதாம்மா இருப்பேன். நீ தகிரியமா போய்ட்டு வா."

கதவு மூடிக்கொண்டது. வெளியே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்தாள். வட்டமான ரொட்டி ஒன்றை எடுத்து, இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை என் கையில் வைத்தாள். இன்னும் சூடு இருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதது அப்போதுதான் தெரிந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டோம். கொஞ்ச நேரம் கழித்துக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தாள். நன்றி சொல்ல மகள் கற்றுக் கொடுத்திருந்த ஒரே வார்த்தையை, "ரஹ்மத்" என்று சொல்லிக் கும்பிட்டேன். அவள் கையை நெஞ்சில் வைத்துத் தலையைச் சாய்த்தாள். படிக்கட்டில் இறங்கிப் போய்விட்டாள். பெயர்கூடக் கேட்கவில்லை. அந்த ரொட்டிக்காக அவள் வீட்டில் யார் காத்திருந்தார்களோ.

இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. டாக்டர் வெளியே வந்து என் தோளைத் தட்டிச் சிரித்தார். அதற்கு மொழி வேண்டியிருக்கவில்லை.

மகள் இப்போது கடைசி வருடம். லேசாகக்கூட விந்தாமல் நடக்கிறாள். நான் பழையபடி செங்கல்பட்டில் வண்டி ஓட்டுகிறேன், பயமும் பழையபடி கூடவே இருக்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் முடித்தால் இது பாதிக் கதைதான். எங்கள் பக்கம் இப்போது வடக்கே இருந்து வேலைக்கு வருகிறவர்கள் அதிகம். மகளுக்கு அடிபடுவதற்குச் சில மாதம் முன்னால், அப்படி ஒருவர் கையில் ஒரு தாளோடு என் வண்டியில் ஏறினார். அவர் சொன்ன இடம் எனக்குப் புரியவில்லை, தாளிலும் இந்தி. பாதி வழியில் அவர் மறுபடியும் மறுபடியும் ஏதோ கேட்கவே, எரிச்சலில், "எனுக்குத் தெர்ல, எறங்குப்பா" என்று வெயிலில் இறக்கிவிட்டுப் போய்விட்டேன். தாளின் பின்பக்கத்தைக்கூடப் பார்க்கவில்லை. இப்போது அப்படி யார் ஏறினாலும் வண்டியை ஓரங்கட்டி, நான்கு பேரிடம் விசாரித்து, சரியான வண்டியில் ஏற்றிவிட்டுத்தான் நகர்கிறேன். ஸ்டாண்டில் கேலி செய்கிறார்கள், செய்யட்டும். அந்த மனிதர் அன்றைக்குப் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா என்று எனக்குத் தெரியாது. ரொட்டிப் பையோடு வந்த அந்தப் பெண்ணுக்கு மனதுக்குள் நன்றி சொல்கிறபோதெல்லாம், இவரிடம் மன்னிப்பும் சேர்த்தேதான் கேட்க வேண்டியிருக்கிறது.